கென்னடி சாகாமல் இருந்திருந்தால்?

1963-ம் ஆண்டு நவம்பர் மாதம் 22-ந் தேதி. அமெரிக்காவில் டல்லாஸ் நகரம்.

ஜனாதிபதி கென்னடி திறந்த காரில் போய்க்கொண்டிருந்தார். பக்கத்தில் மனைவி ஜாக்குலின். தெருவின் இரு பக்கமும் கூட்டம். திடீரென்று துப்பாக்கி வெடித்தது. கென்னடி சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் உயிர் போய்விட்டது. அவருக்கு வயது 46.

அங்கே அது நடுப்பகல். இங்கே நள்ளிரவு. பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் ஜனங்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

டல்லாஸில் பாய்ந்த குண்டுக்கும் பொன்னேரி வீட்டுச் சோற்றுப் பானைக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் உண்டு!

அந்தக் காலத்தில் இந்தியாவில் விளைந்த தானியம் இந்தியாவுக்குப் போதவில்லை. அமெரிக்காவிலோ கோதுமை மிஞ்சிக் கிடந்தது. 1954-ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. "பி.எல். 480" என்று பெயர். அதன்படி இந்தியா டாலர் கொடுக்க வேண்டியதில்லை. ரூபாய் கொடுத்தே கோதுமை வாங்கலாம். 1960-ல் ஒரு பெரிய ஒப்பந்தம் ஆயிற்று. 4 வருஷத்தில் 1 கோடியே 60 லட்சம் டன் கோதுமை, 10 லட்சம் டன் அரிசி!

சோறு தின்று பழகியவர்களுக்குக் கோதுமை பிடிக்கவில்லைதான். ஆனால் அரிசி இல்லாத நாளில் பிடித்தது, பிடிக்காதது என்று பார்க்க முடியுமா?

கென்னடி இந்தியாவிடம் அன்பு காட்டியவர். ஜனாதிபதி ஆகும் முன்பே, 1958-ல், இந்தியாவுக்கு உதவி செய்யவேண்டும் என்று அமெரிக்க செனட் சபையில் தீர்மானம் கொண்டுவந்தார். பதவிக்கு வந்ததும் கால்பிரெய்த் என்ற பெரிய பொருளாதார அறிஞரைத் தூதராக டெல்லிக்கு அனுப்பினார். 1962-ல் சீனா படையெடுத்தபோது ஆயுதம் கொடுத்தார்.

அவருக்குப் பின் வந்தவர் ஜான்சன். இவர் கயிற்றைச் சுருக்கிப் பிடித்தார்!

1965-ல் பழைய ஒப்பந்தம் முடிந்தது. புதிதாக நீண்ட ஒப்பந்தம் போட ஜான்சன் மறுத்துவிட்டார். மாதக் கணக்கில் அளந்து கொடுத்தார். எந்தக் கப்பல் எப்போது புறப்படலாம் என்பதைத் தாமே தீர்மானித்தார். இந்தியாவில் எங்கே மழை பெய்தது, எங்கே பெய்யவில்லை என்றுகூட விசாரித்துக்கொண்டிருந்தார். வியட்நாம் யுத்தத்தை இந்தியா குறை சொன்னது அவருக்கு ஆத்திரம்.

அதே சமயத்தில் மழையும் கைவிட்டது. 1964-65-ல் ஏறக்குறைய 9 கோடி டன் விளைந்த தானியம், அடுத்த வருஷம் 7 கோடியே 20 லட்சம் டன்னாகக் குறைந்தது. 1966-ல் வெளிநாடுகளிலிருந்து வந்த தானியம் மட்டும் 1 கோடி டன்னுக்கு மேல். கப்பல் எப்போது வரும் என்று துறைமுகத்தைப் பார்த்துக் காத்திருந்த காலம் அது.

கென்னடி உயிரோடு இருந்திருந்தால் இந்தத் துன்பம் வந்திருக்குமா?

"வந்திருக்காது" என்று சொல்ல ஆசையாக இருக்கும். ஆனால் பொகாரோவை மறக்கக்கூடாது. பொகாரோ இரும்பாலைக்கு உதவ கென்னடி விரும்பினார். அமெரிக்கப் பார்லிமெண்டு விடவில்லை. 1963-ல், கென்னடி உயிரோடு இருந்தபோதே, நேரு அந்தக் கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். நல்ல மனசு இருந்தாலும் கை கட்டப்பட்டிருந்தது! கோதுமை தடையில்லாமல் வந்திருக்கலாம். ஆனால் கேட்டதெல்லாம் கிடைத்திருக்காது.

இன்னொரு "இருந்தால்" உண்டு. 1960 தேர்தலில் கென்னடி ஜெயித்ததே மயிரிழையில்தான். சுமார் 6 கோடியே 88 லட்சம் பேர் ஓட்டுப் போட்டார்கள். வித்தியாசம் ஏறத்தாழ 1 லட்சத்து 12 ஆயிரம்தான். கொஞ்சம் மாறியிருந்தால் அன்றே நிக்சன் ஜனாதிபதி! அவர் இந்தியாவுக்கு எவ்வளவு சிநேகிதர் என்பது பிறகு தெரிந்தது.

ஜான்சன் இறுக்கியதால்தான் இந்தியா விழித்துக்கொண்டது என்று சிலர் சொல்வதுண்டு. அது முழு உண்மை அல்ல. தமிழ்நாட்டைச் சேர்ந்த சி. சுப்பிரமணியம் 1964-லேயே உணவு மந்திரி ஆகிவிட்டார். புது விதை, ரசாயன உரம், விவசாயிக்குக் கட்டுபடியாகும் விலை என்று அவர் அப்போதே கிளம்பிவிட்டார். 1965 நவம்பரில் ரோம் நகரில் அமெரிக்க விவசாய மந்திரி பிரீமனைச் சந்தித்து உடன்பாடு செய்தார். 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18 ஆயிரம் டன் கோதுமை விதை வந்தது.

விதை விளைந்து வயிற்றுக்கு வருமுன் தேர்தல் வந்துவிட்டது.

1967 தேர்தலில் தமிழ்நாட்டில் அரிசிதான் பெரிய பேச்சு. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் கோபமும் ஆறவில்லை. ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றது தி.மு.க. காங்கிரஸ் தோற்றது. விருதுநகரில் காமராஜர் 1,285 ஓட்டில் தோற்றார். கோபிசெட்டிபாளையத்தில் சுப்பிரமணியமும் தோற்றார்! மறுவருஷம் 1 கோடியே 65 லட்சம் டன் கோதுமை விளைந்தது. சர்க்கார் அதற்குத் தபால் தலை வெளியிட்டது. பாடுபட்ட மந்திரியோ பதவியில் இல்லை.

ஜான்சன் தாராளமாக அளந்திருந்தால், அந்த 1,285 ஓட்டு திரும்பியிருக்குமோ? யார் கண்டது!

அந்த நாட்களின் அடையாளம் ஒன்று இந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்து பொன்னேரி வழியாகத் தெற்கே வந்தால் மணலி. அன்று செங்கற்பட்டு ஜில்லா, பிறகு திருவள்ளூர் மாவட்டம், இன்று சென்னை மாநகராட்சி. அங்கேதான் சென்னை உர ஆலை. உரத் தொழிலில் வெளிநாட்டார் பணம் போட வழி விடவேண்டும் என்று அமெரிக்கா வற்புறுத்திய சமயத்தில், 1966-ல், இந்திய சர்க்காரும் அமெரிக்காவின் அமோகோ கம்பெனியும் சேர்ந்து தொடங்கியது. கோதுமைக் கப்பலைக் கெஞ்சிக் கேட்ட காலத்தில் போட்ட அஸ்திவாரம்.

1971-ல் அங்கே உரம் தயாராயிற்று. அதே வருஷம் டிசம்பரில், வங்காளதேச யுத்தத்தின்போது, ஓர் அமெரிக்கப் போர்க்கப்பல் படை வங்காள விரிகுடாவுக்குள் வந்தது. அனுப்பியவர், 1960-ல் தோற்ற அதே நிக்சன். அந்த வருஷக் கடைசியோடு பி.எல். 480 கோதுமை வாங்குவதை இந்தியா நிறுத்திவிட்டது.