பக்கத்தில் இருப்பவர்



அக்டோபர் முதல் தேதி குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் திருநாள். சிறுமலர் என்றால்தான் நம் ஊரில் பலருக்குத் தெரியும். சிலுவையையும் ரோஜாப்பூக்களையும் மார்போடு அணைத்தபடி ஒரு சுரூபம் எத்தனையோ கோவில்களில் நிற்கிறது. அந்தச் சுரூபத்தின் மீது எனக்கு ஒரு குறை உண்டு. எரிச்சல் என்றால் என்னவென்றே அறியாத முகம் அது. தெரேசா எழுதியதைப் படித்தவர்களுக்குத் தெரியும், அவர் அதை நன்றாகவே அறிந்தவர்.

1888-இல், 15 வயதில், பிரான்சு நாட்டில் லிசியே நகரத்துக் கார்மேல் மடத்துக்குள் போனார். 1897-இல், 24 வயதில், காசநோய் அவரைக் கொண்டுபோனது. இடைப்பட்ட காலமெல்லாம் அதே சுவர்கள், அதே முகங்கள்.

தியான நேரத்தில் அவருக்குப் பின்னால் உட்காரும் சகோதரி ஒருவர், இரண்டு சிப்பிகளை உரசுவதுபோல் விடாமல் ஒரு சின்னச் சத்தம் எழுப்புவார். திரும்பி ஒரு பார்வை பார்த்தால் போதும், நின்றுவிடும். (திருப்பலியில் யாருடைய கைப்பேசியாவது ஒலித்தால் நாம் பார்க்கிறோமே, அந்தப் பார்வைதான்.) தெரேசா திரும்பவில்லை. வியர்த்துக் கொட்ட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காதில் விழாததுபோல் இருக்கவும் முடியவில்லை. கடைசியில் அந்தச் சத்தத்தையே இசையாகக் கேட்டு இயேசுவுக்குக் காணிக்கையாக்கினார். அன்றைய தியானம் அவ்வளவுதான்.

இன்னொருவர் வயதானவர், நடக்கச் சிரமப்படுபவர். மாலை செபத்தின் நடுவே அவரை எழுப்பி உணவறைக்கு அழைத்துப்போக ஓர் ஆள் வேண்டும். அவரைத் திருப்திப்படுத்துவது லேசில்லை என்று தெரிந்தும் தெரேசா தானாக முன்வந்தார். முக்காலியை இப்படித்தான் நகர்த்த வேண்டும், இடைவாரை இப்படித்தான் பிடிக்க வேண்டும். கொஞ்சம் வேகமாக நடந்தால் விழுந்துவிடுவேன் என்பார். மெதுவாக நடந்தால், உன் கையையே காணோமே, விட்டுவிட்டாயா என்பார். உனக்கு வயது போதாது என்றும் அடிக்கடி சொல்லிக்கொள்வார். உணவறையில் உட்காரவைத்து, சட்டைக் கைகளை அவர் விரும்பும் விதமாக மடித்துவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் வாதம் கண்ட கைகளால் ரொட்டியைத் துண்டாக்க அவர் படும் பாட்டைத் தெரேசா கவனித்துவிட்டார். யாரும் கேட்கவில்லை, அன்றுமுதல் அதையும் செய்து வைத்துவிட்டே கிளம்பினார். அந்த மூதாட்டியின் மனம் இளகியது அங்கேதான்.

இதையெல்லாம் எழுதியது 1897 ஜூன் மாதத்தில், சாவுக்குச் சில மாதங்களே இருந்தபோது. மடத்துத் தலைவி சொன்னதால், தோட்டத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறார். விஷயம் பிறரன்பு. நாலு வரி ஓடுவதற்குள் ஒரு சகோதரி வந்து வைக்கோலைப் பற்றிப் பேசுவார். அவர் போனால் இன்னொருவர், வாத்து, கோழி, டாக்டர் வந்துபோனது என்று. நோயாளிக்குப் பொழுதுபோகட்டும் என்ற நல்ல எண்ணம்தான். தெரேசா நோட்டை மூடிவைத்துச் சிரித்த முகத்தோடு கேட்பார். பத்திரிகை வேலையில் இருக்கும் எனக்கு, அவர் செய்ததிலேயே இதுதான் பெரிய புண்ணியமாகப் படுகிறது.

அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காத சகோதரி ஒருவரும் இருந்தார். எதிரே வரும்போதெல்லாம் அவருக்காக வேண்டிக்கொண்டார், உதவி செய்தார். தாங்க முடியாத நேரங்களில் அந்த இடத்தைவிட்டு ஓடியும் இருக்கிறார். ஒருநாள் அந்தச் சகோதரி, என்னிடம் என்ன கண்டு இப்படிச் சிரிக்கிறாய் என்று ஆசையாகக் கேட்டாராம்.

இது நடிப்பில்லையா என்று சிலர் கேட்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முகத்துக்கு நேரே சிரித்து முதுகுக்குப் பின்னால் பேசுவதுதான் நடிப்பு. பிடிப்பதும் பிடிக்காததும் நம் கையில் இல்லை; ரொட்டியை நறுக்கித் தருவது நம் கையில் இருக்கிறது. பவுலடியார் கொரிந்தியருக்கு அன்பைப் பற்றி எழுதும்போது எடுத்த எடுப்பில் பொறுமையைத்தான் சொல்கிறார். பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்பதைப் பற்றி அங்கே பேச்சே இல்லை.

ஆன்மிகத்தில் வளர்கிறோமா என்று எப்படித் தெரிந்துகொள்வது என வாசகர்கள் கேட்பதுண்டு. தெரேசாவைக் கேட்டிருந்தால் அவருக்கும் தெரிந்திருக்காது. செபத்தில் தூங்கிவிழுகிறேன் என்றுதான் எழுதுகிறார். கூடவே வாழ்ந்தவர்களுக்கும் தெரியவில்லை. அவர் படுக்கையில் கிடந்தபோது, இவரைப் பற்றி இரங்கல் மடலில் எழுத என்ன இருக்கிறது, ஒன்றுமே செய்யவில்லையே என்று ஒரு சகோதரி வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். 1925-இல் புனிதர் பட்டம். மடத்தைவிட்டு நகராத இவரை, கடல்கடந்து வந்த சவேரியாரோடு சேர்த்து, மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலராக்கியது 1927-இல்.

உங்கள் அன்பியக் கூட்டத்தில் செபத்தை முடிக்கவே மாட்டாத ஒருவர் இருப்பார். பாடகர் குழுவில் சுருதி சேராமல் உரக்கப் பாடுபவர், வீட்டில் கேட்ட கேள்வியையே கேட்கும் மாமியார் என்று யாராவது நிச்சயம் உண்டு. அவர்களோடு உங்கள் பாடு எப்படிப் போகிறது என்று எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் வெளியிடுவோம். பெயர் மட்டும் குறிப்பிட வேண்டாம். அவர்களும் நம் சந்தாதாரர்களாக இருக்கலாம். உங்களைப் பற்றி அவர்கள் எழுதிய கடிதம் ஏற்கெனவே என் மேசைக்கு வந்திருக்கவும் கூடும்.

அன்புடன்,
ஆசிரியர்