ஏலத் திடலில் கைகொடுப்போரின் அமானிதம்



திருவையாற்றுக்கு அருகே, குடமுருட்டிக் கரையை ஒட்டிய ஒரு மஹல்லாவில் சென்ற ஆண்டு ஒரு பழைய அம்பாசிடர் கார் ஏலத்துக்கு வந்தது. மார்க் 2 வகை. ஐம்பது வயதைக் கடந்தது. மர்ஹூமான பெரியவர் ஒருவரின் வண்டி, பல ஆண்டுகளாகத் தென்னந்தோப்புக் கொட்டகையில் நின்றிருந்தது. வாரிசுகள் அனைவரும் ஒருமித்து அதைப் பள்ளிவாசலுக்குக் கொடுத்தனர். அவர்களில் வயதுக்கு வராத பிள்ளை எவருமில்லை என்பதை ஜமாஅத்தார் முதலில் விசாரித்துக்கொண்டது பாராட்டுக்குரியது. சிறுவனின் பங்கைப் பிறர் தானம் செய்ய இயலாது என்பது பல இடங்களில் மறக்கப்படுகிறது.

கொட்டகையிலிருந்து பள்ளிவாசல் திடலுக்கு வண்டியை நகர்த்த வேண்டும். நம்மிடம் ஓதும் பெரிய பிள்ளைகள், யாரும் அழைக்காமலேயே, “நாங்க தள்ளிக் கொடுக்கிறோம் ஹஜ்ரத்” என்று முன்வந்தனர். கூலி பெறாத வேலை. அல்லாஹ்வின் இல்லத்துக்கான வேலை. நாமும் மகிழ்ந்து அனுப்பினோம். அன்று நாம் கண்டவையும், அதன்பின் எழுந்த ஒரு வாக்குவாதமுமே இக்கட்டுரைக்குக் காரணம்.

போனவுடன் ஒரு பிள்ளை ஈரத் துணியை எடுத்துத் தூசியைத் துடைக்கத் தொடங்கினான். இன்னொருவன் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து சாவியைத் திருக முனைந்தான். மூன்றாமவன் முன்பக்க விளக்கின் மீது கைவைத்துத் தள்ளினான். தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த மெக்கானிக் பாய் மூவரையும் நிறுத்தினார். பல ஆண்டுகள் நின்ற எஞ்சினில் பழைய எண்ணெய் இறுகியிருக்கும், பெட்ரோல் கெட்டிருக்கும், அப்படியே இயக்கினால் உள்ளே உள்ளவை உரசிப் பழுதாகும் என்றார். மண்ணும் தூசியும் படிந்த பெயிண்டை அழுத்தித் துடைத்தால் கீறல் விழும். மட்கார்டையும் விளக்கையும் பிடித்துத் தள்ளாமல், கதவுத் தூணைப் பிடித்துத் தள்ள வேண்டும். கை பிரேக்கை நம்பக் கூடாது. ஒருவர் ஸ்டீயரிங்கிலும், ஒருவர் சக்கரத்துக்கு அடியில் வைக்கக் கட்டையுடனும் இருக்க வேண்டும். அரை மணி நேரத்தில் முடியும் என்று நினைத்த வேலை அஸர் வரை நீண்டது.

இவ்வாறு கிடப்பில் கிடந்த வண்டிகள் எவ்வளவு பெறும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஓர் ஏலத்தைச் சொல்லலாம். நெப்ராஸ்கா மாநிலத்தில் பியர்ஸ் என்றொரு சிற்றூர்; மக்கள்தொகை இரண்டாயிரத்தைத் தொடாது. அங்கே ரே லாம்ப்ரெக்ட் என்பவர் தம் மனைவி மில்ட்ரெடுடன் 1946 முதல் 1996 வரை செவர்லே கார் விற்பனையகம் நடத்தினார். விற்காமல் நின்ற புதிய வண்டிகளையும், வாடிக்கையாளர் மாற்றிக்கொண்டு விட்டுச்சென்ற பழைய வண்டிகளையும் அவர் கழித்துவிடாமல் கட்டடங்களிலும் வயல்வெளியிலும் நிறுத்தி வைத்தார். 2013 செப்டம்பர் 28, 29 ஆகிய நாட்களில் ஏறத்தாழ 500 வாகனங்கள் ஏலத்துக்கு வந்தன. பெரும்பாலானவை தாமாக ஓடும் நிலையில் இல்லை. அத்தனையையும் நகர்த்தி, திடலில் வரிசையாக நிறுத்திய பிறகே ஏலம் நடந்தது. அவற்றுள் 1958ஆம் ஆண்டின் கேமியோ பிக்கப் ஒன்று, வாழ்நாளில் 1.3 மைல் மட்டுமே ஓடியது, 1,40,000 டாலருக்குப் போயிற்று. அது பெரும்பாலும் தொடப்படாமல் இருந்ததே அதன் விலை.

நம் நாட்டிலும் இத்தகைய வண்டிகளுக்கு மதிப்பு கூடி வருகிறது. அம்பாசிடர் உற்பத்தி 2014இல் உத்தரபாராவில் நின்றுபோனது. 2021ஆம் ஆண்டு மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, சேஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டியைப் பழம்பெரும் வாகனமாகத் தனிப் பதிவு செய்யலாம், புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுகள் செல்லும். ஆகவே நல்லெண்ணத்தில் ஒருவர் எதையோ கழற்றி வேறொன்றை மாட்டினாலும் பொருளுக்குரியவருக்கு நஷ்டம் நேரலாம்.

அன்று மாலை ஒரு பிள்ளை கேட்டான்: “நாங்க சும்மாதானே செய்யிறோம் ஹஜ்ரத், உடைஞ்சா எங்ககிட்ட கேட்பாங்களா?” நல்ல கேள்வி. பிறர் பொருளைத் தாங்கும் கையை ஃபிக்ஹு அறிஞர்கள் இரண்டாகப் பிரிக்கின்றனர்: அமானிதக் கை, பொறுப்பேற்கும் கை. உரியவரின் அனுமதியுடன், அவருக்காகப் பொருளைத் தாங்குபவருடையது அமானிதக் கை. தக்க கவனத்துடன் நடந்தும் ஏதேனும் நேர்ந்துவிட்டால் அவர்மீது ஈடில்லை. வரம்பு மீறினாலோ, அலட்சியம் காட்டினாலோ அந்தப் பாதுகாப்பு நீங்கிவிடும். தள்ளச் சொன்ன வண்டியில் சாவியைத் திருகுவது வரம்பு மீறல். கூலி வாங்கவில்லை என்பது அதற்கு விடையாகாது. இதைச் சொன்னபோது அவன் முகம் வாடியது. ஆயினும் சொல்லாமல் விடுவது அவனுக்குச் செய்யும் துரோகம்.

இனி வாக்குவாதத்துக்கு வருவோம். வியாழன் இரவு நிர்வாகத்தில் ஒருவர், வண்டி தள்ளிய இளைஞர்களில் இருவரை அழைத்து, மறுநாள் ஜும்ஆவுக்குப் பின் ஏலத்தில் நின்று விலையை ஏற்றிவிடும்படி கூறினார். வாங்க வேண்டியதில்லை, கேட்டுக்கொண்டே போய் கடைசியில் விட்டுவிட வேண்டும். “எல்லாம் பள்ளிக்குத்தானே போவுது?” என்பது அவர் நியாயம்.

ஏலம் மார்க்கத்தில் ஆகுமானதே. உதவி கேட்டு வந்த ஓர் அன்சாரித் தோழரின் விரிப்பையும் குவளையையும் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கூடுதல் விலை கேட்டு இரண்டு திர்ஹத்துக்கு விற்றுக் கொடுத்த செய்தி அனஸ் ரலியல்லாஹு அன்ஹு வாயிலாக வந்துள்ளது. அதன் அறிவிப்பாளர் தொடரில் சிலர் குறை கண்டாலும், இமாம் திர்மிதி அதை ஹஸன் தரத்தில் வைத்தார்கள். அதே நபியவர்கள் தடுத்த ஒன்று ‘நஜ்ஷ்’: வாங்கும் எண்ணமின்றிப் பிறரை ஏமாற்ற விலையை ஏற்றுதல். வேட்டையில் பிராணியைக் கலைத்து எழுப்புவதற்கு அரபியில் வழங்கும் சொல் இது. புதரை அடிப்பவன் ஒருவன், வலையில் விழுவது வேறொன்று. இந்தத் தடை இப்னு உமர் ரலியல்லாஹு அன்ஹு அறிவிப்பாக புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. அப்படி நடந்த விற்பனை செல்லுமா என்பதில் இமாம்களிடையே வேறுபாடு உண்டு. பிறரை ஏமாற்றச் செய்தவர் பாவி என்பதில் வேறுபாடு இல்லை.

நிர்வாகியும் ஓதியவர். பொருளின் உண்மை மதிப்பைவிடக் குறைவாகக் கேட்கப்படும்போது, மதிப்பளவு வரை ஏற்றிவிடுவதை அனுமதித்த அறிஞர்கள் உண்டு என்று நினைவூட்டினார். உண்மைதான். ஆனால் அந்த வண்டியின் உண்மை மதிப்பை நம்முள் யார் அறிவார்? பேராசைக்கு மதிப்பு என்று பெயரிடுவது எளிது. மேலும் நேர்வழி ஒன்று திறந்தே இருக்கிறது: இதற்குக் கீழ் கொடுப்பதில்லை என்று ஆரம்ப விலையைப் பகிரங்கமாக அறிவிப்பது. மறைவில் இரண்டு பிள்ளைகளை நிறுத்துவதைவிட அது எளிது. ஏலத்தில் உதவிக்கு நிற்கும் பிள்ளைகளைத்தான் இந்தப் பாவம் முதலில் தேடி வருகிறது என்பதே நம் கவலை. அவர்கள் பொருளுக்கு அருகில் நிற்கிறார்கள். ஊர் அவர்களை நம்புகிறது. பெரியவர் சொன்னால் மறுக்கமாட்டார்கள்.

குறையை மறைப்பதும் இதன் உடன்பிறப்பே. தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபியவர்கள், மழையில் நனைந்தது என்று சொன்ன வியாபாரியிடம், மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டார்கள். டெல்டாவில் இதை விளக்கவே வேண்டாம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் என்ன பாடுபடுகிறோம் என்பது நம் வீடுகளுக்குத் தெரியும். காய்ந்த நெல்லை மேலே பரப்பி ஈர நெல்லை அடியில் வைக்கும் ஆசையும் தெரியாததன்று.

வெள்ளிக்கிழமை காலை ஓர் அட்டை எழுதி வண்டியின் கண்ணாடிக்குப் பின் வைக்கச் செய்தோம். எஞ்சின் இயக்கிப் பார்க்கப்படவில்லை, பின்பக்கத் தளம் துருப்பிடித்துள்ளது, வலது முன்கதவு சரியாக மூடாது, ஆர்.சி. புத்தகம் உண்டு, புதுப்பிக்கப்படவில்லை. துணியால் துடைக்கப்பட்ட அந்த ஒரு பக்கத்தில் புதிய கீறல் இருப்பதையும் அதே பிள்ளை தன் கையால் எழுதினான்.

ஆரம்ப விலை அறிவிக்கப்பட்டது. மூவர் கேட்டனர். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். நிர்வாகத்தார் எதிர்பார்த்த தொகையில் பாதியைச் சற்றே தாண்டி முடிந்தது. வாங்கியவர் கும்பகோணத்துக்காரர், முஸ்லிமல்லாதவர். அட்டையைக் கேட்டு வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்த நிர்வாகி அதன்பின் இரண்டு வாரம் நம் ஸலாமுக்குப் பதில் சொன்னதோடு சரி, வேறு பேசவில்லை. வரும் மாதம் பள்ளிவாசல் தென்னந்தோப்பின் குத்தகை ஏலம். தேங்காய்களை எண்ணிக் குவிக்க அதே பிள்ளைகளைத்தான் கேட்டிருக்கிறார்கள்.