யந்திரத்துக்குப் பூசை! அறிவுக்குப் பூட்டு!

ஆயுத பூசையன்று தொழிற்சாலைக்குள் போய்ப் பாருங்கள். கம்ப்யூட்டர் ஓட்டுகின்ற கடைசல் யந்திரத்திற்குச் சந்தனம், குங்குமம்! வாசலில் பூசணிக்காய்! அந்த யந்திரம் ஏன் சூடேறுகிறது என்று அதனருகில் நிற்கும் தொழிலாளியைக் கேட்டால், "மேலே இருப்பவர்களுக்குத்தான் தெரியும்" என்கிறார்.

அறிவைப் பங்கிட்டால் என்ன லாபம் என்போர் இங்கிலாந்தின் கார்ன்வால் சங்கதியைக் கேட்கட்டும். அங்கே சுரங்கத் தண்ணீரை இறைத்த நீராவி எஞ்சின்களுக்கு வேல்ஸிலிருந்து கடல் வழியே கரி வரவேண்டும், செலவோ அதிகம். 1800 வரை வாட் என்பவரின் காப்புரிமை பிறர் கையைக் கட்டியிருந்தது. அது ஒழிந்தபின், 1811 முதல் லீன் என்பவர், எந்த எஞ்சின் எவ்வளவு கரிக்கு எவ்வளவு தண்ணீர் இறைத்தது என்று மாதந்தோறும் அச்சிட்டு வெளியிட்டார். ஒருவர் செய்ததைப் பார்த்து மற்றவர் திருத்தினார்கள். முப்பது ஆண்டுகளில் அதே கரிக்கு இறைத்த தண்ணீர் ஏறக்குறைய மும்மடங்காயிற்று. எந்தக் கடவுள் வந்து ஊதினார்?

அந்த மாத அறிக்கையின் வேலையை இன்று கம்ப்யூட்டர் நொடிக்கு நொடி செய்கிறது. யந்திரத்தின் சூடும் அதிர்வும் கணக்காகின்றன. அந்தக் கணக்கை மானேஜர் அறையில் பூட்டி வைப்பதற்கும், வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன புத்திக்கும் என்ன வித்தியாசம்? கைநுணுக்கத்தைப் பையனுக்குக் காட்டாமல் மறைக்கும் மேஸ்திரியும் அதே ஜாதிதான்.

ஆகவே முதலாளிமாரே! கணக்கைத் தமிழில் தொழிலாளி கண்முன் திரையில் போடுங்கள். அவர் சொல்லும் யோசனை பலித்தால் அவர் பெயரோடு எழுதி வைத்துக் கூலியையும் கூட்டுங்கள். பூசணிக்காயைக் குழம்புக்கு அனுப்புங்கள்!