ஏரியும் கிணறும் ஒரே தண்ணிதான்

சிறுசேரி வட்டார விவசாயிகளே!

ஏரி நிறைஞ்சா ஆயக்கட்டுக் கிணறு ஊறும். ஏரி வத்தினா மோட்டார் காத்தைத்தான் இழுக்கும். இது கோப்பு பார்க்கிறவர்களுக்குத்தான் புரியவில்லை.

உரிமம் இல்லாமல் லாரியில் நிலத்தடி நீர் ஏற்றக்கூடாது என்று சென்னை சுற்றுவட்டாரத்துக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ராத்திரி லாரிக்கு எந்தச் சட்டம்? கிழக்கே பக்கிங்காம் கால்வாய், அதுக்கப்பால் கடல். நல்ல தண்ணியை அளவுமீறி உறிஞ்சினால் உப்புத்தண்ணி உள்ளே ஏறும். ஒரு தடவை கரிச்ச கிணறு லேசில் தேறாது. கிணத்தை லாரிக்கு விடுகிற நம்மாட்களும் யோசிக்கணும்: விற்பது பக்கத்துக் கொல்லைக்காரன் தண்ணியையும் சேர்த்துத்தான்!

ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007லேயே சட்டம் போட்டாச்சு. ஐப்பசி மழைக்கு முன்னால் ஏரியை அளந்து எல்லைக்கல் நடு! வரத்துக்கால்வாயைத் தூர்வாரு! மதகைச் சரிசெய்! மனுக் கொடுக்க, சிட்டா அடங்கல் நகலோடு தாலுகா ஆபீசுக்குத் திரண்டு வாங்க.