பால்மரக் காட்டின் பின்பனி

"நம் தோட்டத்தில் வரைவதற்கு என்ன இருக்கிறது? ஆண்டு முழுதும் ஒரே பச்சைதானே!" என்று கூறி, மேனாட்டுப் பனிக்காட்சியை மாணவர்க்கு நகலெடுக்கத் தருவோர் நம்மிடையே உளர். அவர்கள் சற்றே சிந்திக்க வேண்டும்.

மலாக்காவை டச்சுக்காரர் கைப்பற்றிய 1641-ஆம் ஆண்டிலேயே, அவர்தம் நாட்டு அச்சோவியர் இளைய யான் வான் டெ வெல்டே மறைந்தார். மாதங்களையும் பருவங்களையும் செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தால் அரித்து அச்சிட்டவர் அவர். அக்கால டச்சு அச்சோவியங்களில் குளிர்காலம் என்பது உறைந்த நீரில் சறுக்கி மகிழும் ஊர்மக்களே. மை படாத வெண்தாளே பனி. தம் வாயிலில் கண்டதை அவர்கள் வரைந்தனர். நாம் காணாததை வரைகிறோம்! இது கலையா?

நமக்கும் பருவம் உண்டு. 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் வணிக நோக்கில் நட்ட பால்மரம், மாசி பங்குனியை ஒட்டி இலையுதிர்க்கும். வெள்ளைத் துரைமார் அதனைக் குளிர்காலமென்றே அழைத்தனர். பால் குறையும், வெட்டுவோர் வருவாயும் குறையும். மாசியும் பங்குனியும் நம் மரபில் பின்பனி. பிரிவுக்குரிய பாலைத் திணைக்கு வேனிலோடு பின்பனியையும் உரியதாக்கினார் தொல்காப்பியர். பால்மரம் வீழ்ந்து செம்பனை எழ, லயங்களைப் பிரிந்து நகர் புகுந்த நம்மவர் துயரைப் பாட இதனினும் பொருந்திய பொழுது ஏது?

ஆசிரியப் பெருமக்களே! சருகு மூடிய நிரையையும் பால் குறைந்த மங்கினையும் வரையச் சொல்லுங்கள்; எழுதச் சொல்லுங்கள். நாம் பதியாத பருவத்தை நமக்காக வேறு எவர் பதிவார்?