பழமும் வேண்டாம், ஆளும் வேண்டாம்

பூனாகலைத் தேயிலைக் கொழுந்துக்கு ஊவா மாகாணத்தின் பெயரால்தான் தனி மதிப்பு. விளைந்த மண்ணைக் கேட்டுத்தான் உலகம் தேயிலை வாங்குகிறது. பலஸ்தீனத்தின் மேற்குக் கரையிலுள்ள இஸ்ரேலின் சட்டவிரோதக் குடியேற்றங்களில் விளையும் பேரீச்சம்பழத்தையும் அப்படிக் கேட்கவேண்டாமா? 2014 மார்ச்சில் ரஷ்யா உக்ரைனின் கிரிமியாவைத் தன்னோடு இணைத்தது. ஜூனிலேயே ஐரோப்பிய ஒன்றியம் அங்கிருந்து இறக்குமதியைத் தடுத்தது. 1967 முதல் ஆக்கிரமிப்பிலுள்ள மேற்குக் கரைக்கோ லேபிள் ஒட்டினால் போதுமாம்! ஆக்கிரமிப்பை நிலைநிறுத்தும் வர்த்தகத்தைத் தவிருங்கள் என்று 2024 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் சொன்ன பிறகே, 2025இல் ஸ்லோவேனியா குடியேற்றப் பொருட்களுக்குத் தடை விதித்தது. 1988இலேயே பலஸ்தீனத்தை அங்கீகரித்த இலங்கை, 2023 இறுதியிலிருந்து இஸ்ரேலியப் பண்ணைகளுக்கு ஆள் அனுப்புகிறது. கடனடைக்க விமானம் ஏறும் தோட்ட லயத்துப் பிள்ளைகளை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் குடியேற்றப் பண்ணைகளுக்கு ஆளும் போகக்கூடாது, அங்கிருந்து பழமும் வரக்கூடாது என்று கொழும்பு சட்டமாகவே எழுதவேண்டும்.