திருகோணமலைப் பாறைக்கு வயது ஒன்றல்ல

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த முனைகளில் தெரியும் குவார்ட்சைட் பாறையின் வயதைக் கேட்டால் ஆய்வாளர்கள் ஒரே எண்ணைச் சொல்வதில்லை. இதைக் குறையாக நினைப்பவர்கள் உண்டு. எனக்கோ அந்தப் பல எண்களில்தான் இந்தக் கரையின் வரலாறே இருப்பதாகப் படுகிறது. குவார்ட்சைட் ஒரு காலத்தில் வெறும் மணல். அந்த மணலோடு வந்து சேர்ந்த சிர்கோன் துணிக்கைகள் இன்னும் அதற்குள் இருக்கின்றன. சிர்கோன் உருவாகும்போது யுரேனியத்தை ஏற்கும். ஈயத்தை அநேகமாக ஏற்காது. யுரேனியம் 238இல் பாதி ஈயமாக மாற ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள் ஆகும் என்பதால், இரண்டின் விகிதத்தை அளந்தால் வயது தெரிந்துவிடும். மலைகள் உருவாகும் கடும் வெப்பத்தில் பழைய துணிக்கையைச் சுற்றிப் புதிய ஓடு வளரும். மணல் எவ்வளவு தொன்மையான நிலத்திலிருந்து வந்தது என்பதை மையம் சொல்லும். மலை எப்போது எழுந்தது என்பதை ஓடு சொல்லும்.

தென்மேற்கிலிருந்து திருகோணமலை வரை நீளும் மேட்டுநிலப் பாறைத் தொகுதியில் இதைத்தான் கண்டார்கள். குரோனர், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விதானகே முதலிய ஆய்வாளர்கள் 1987இல் வெளியிட்ட ஆய்வில் மையங்களுக்கு 320 முதல் 240 கோடி ஆண்டுகள் வரை வயது கிடைத்தது. மலையாக்கத்தை அப்போது 110 கோடி ஆண்டுகளுக்கு முன் வைத்தார்கள். 1993இல் குரோனரும் வில்லியம்சும் அதை 61 முதல் 55 கோடி எனத் திருத்தினார்கள். பாதியளவு மாறிய எண்ணை எப்படி நம்புவது என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் திருத்தியது கருத்து அல்ல, அளவீடு. தென்னிந்தியாவிலும் மடகாஸ்கரிலும் அந்தார்க்டிக்காவின் லுட்சோ-ஹோல்ம் கரையிலும் தனித்தனியே அளந்த வயதுகளும் ஏறத்தாழ அந்தக் காலத்தையே காட்டுகின்றன. நிலத்துண்டுகள் மோதிக் கோண்டுவானா என்ற பெருங்கண்டமாக இணைந்த காலம் அது. நாம் இன்று கரை என்று சொல்லும் விளிம்போ மிகவும் இளையது. இந்தியாவும் இலங்கையும் அந்தார்க்டிக்காவிலிருந்து பிரியத் தொடங்கி ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளே ஆகின்றன.

அதே சிர்கோன், இல்மனைட்டோடும் ரூட்டைலோடும் புல்மோட்டைக் கனிய மணலில் செறிந்திருக்கிறது, அகழப்பட்டுக் கப்பலேறுகிறது. கடற்கரை மணல் தான் பிறந்த பாறையை விட்டு வந்துவிட்டது, அதை வைத்து என்ன அறிய முடியும் என்று கேட்கலாம். தேய்ந்து மறைந்துபோன மலைகளின் எச்சம் அப்படிப்பட்ட மணலில்தான் மிஞ்சுகிறது. அந்த எச்சமும் கப்பலேறிப் போய்விடுகிறது என்பதற்காக மணல் விற்பனையை நிறுத்தச் சொல்லவில்லை. விலையுயர்ந்த அளவீட்டுக் கருவிகளை நாளைக்கே வாங்கவும் சொல்லவில்லை. அகழும் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒரு கிலோ மணலை, எடுத்த இடமும் நாளும் குறித்து, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சேமித்து வைக்க அரசு ஆணையிட வேண்டும்.